பெனடோலா, டைக்ளோபெனாக்கா, ஜெல்லா?

இடுப்பு, முழங்கால் வலிக்கு, விடிய பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதியும் இடம்) போகுமுன் ரெண்டு பெனடோல். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் ஒரு டைக்ளோபெனாக். தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் அம்மாவோடு சேர்த்து நாலைந்து பேருக்கு இதுதான் வழக்கம். பெனடோலைத்தான் "ஈரலைத் தின்னுரும்" என்று பயப்படுவார்கள். டைக்ளோபெனாக் "நல்லா கேட்கிற மருந்து". என் கணக்கில் பயம் இடம் மாறிக் கிடக்கிறது.

பெனடோல், அதாவது பரசிட்டமோல், ஈரலைக் கெடுப்பது பெரும்பாலும் அளவு மீறும்போதுதான். வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்த உடம்புக்கும் சாராயம் பழகியவருக்கும் அதுவே அதிகம். தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிட்டமோல் இருப்பதால் கணக்கு சத்தமில்லாமல் ஏறும். பெனடோலின் குறை வேறு: இடுப்பு வலிக்கு அவ்வளவாகக் கேட்காது. ஆஸ்திரேலியாவில் புதிதாக இடுப்பு வலி வந்தவர்களிடம் செய்து 2014இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்தில்லாத போலிக் குளிசை குடித்தவர்களும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் குணமானார்கள்.

டைக்ளோபெனாக்கும் இபுபுரூபனும் கேட்கும், உண்மைதான். டொக்டர் துண்டில்லாமலே கடையில் கிடைத்தும் விடுகிறது. வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் புரொஸ்டாகிளாண்டினை அவை அடக்குகின்றன. ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் பார்ப்பதும் அதே பொருள்தான். மாதக்கணக்கில் அடக்கினால் வயிற்றில் புண் வந்து, வலியே தெரியாமல் இரத்தம் கசியலாம். இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இது இன்னும் மோசம். சோர்வை மலை ஏறின களைப்பென்று விட்டுவிடுவோம். மலம் தார் போல் கறுப்பது அடையாளம். இரும்புச்சத்துக் குளிசை குடிப்பவருக்கு எப்படியும் கறுக்கும் என்பதால் அதுவும் தப்பிப் போகும். சோற்றுக்குப் பிறகு குடித்தால் போதும் என்கிறார்கள். எரிச்சல் குறையலாம், இரத்தத்தில் கலந்து செய்யும் கேடு குறையாது.

அம்மாவுக்குப் பிரஷரும் இருக்கிறது. அதற்கு லொசார்டனோடு, நீர் போகும் குளிசையும் குடிக்கிறார். டைக்ளோபெனாக்கும் சேர்ந்தால் மூன்றும் ஒன்றாகச் சிறுநீரகத்தை நெருக்கும், பிரஷரும் ஏறும். மாரடைப்பு ஆபத்திலும் இந்த வகை மருந்துகளில் டைக்ளோபெனாக் முன்வரிசை. டெங்கு சந்தேகமுள்ள காய்ச்சலுக்கோ இந்த வகையே ஆகாது, பெனடோல் மட்டும்தான்.

மூன்றாவது டைக்ளோபெனாக் ஜெல். பூசினால் இரத்தத்தில் கலப்பது குளிசையோடு பார்க்க சுமார் 6 சதவீதம்தான். முழங்காலுக்கு நன்றாகக் கேட்கும், இடுப்புக்கு அவ்வளவில்லை. (சித்தாலேப என்ற மூலிகைக் களிம்பு பூசினால் அம்மாவுக்குத் தூக்கம் வரும். பாதி வேலை வாசம் செய்கிறதோ என்னவோ.)

இப்போது வீட்டில் முழங்காலுக்கு ஜெல், இடுப்பு தாங்காத நாளில் ரெண்டு பெனடோல். குடித்த குளிசை அட்டை எல்லாவற்றையும் டொக்டரிடம் காட்டினோம். சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். இரத்தம் குடுக்கப் போனால் ஒரு நாள் பேர் (நாள் சம்பளம்) போயிரும் என்று அம்மா மூன்று வாரமாகத் தள்ளிப் போடுகிறார்.