ஓர்ட்நெட்: டேனிஷ் கூட்டுச்சொற்களின் வேர் தேட ஏற்ற தளம்

டேனிஷ் மொழியில் மருத்துவச்சியை ‘யோர்டமோடர்’ என்பார்கள். ‘யோர்ட்’ என்றால் மண், ‘மோடர்’ என்றால் தாய். இரண்டையும் சேர்த்து ‘மண்தாய்’ என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. அதைத் தவிர்க்க ஓர்ட்நெட் தளம் நன்றாக உதவுகிறது.

டேனிஷ் மொழி, இலக்கியக் கழகம் நடத்தும் இந்தத் தளத்துக்குக் கட்டணம் கிடையாது. உள்ளே இரண்டு பெரிய அகராதிகள். ஒன்று இன்றைய மொழிக்கானது. மற்றது 1918 முதல் 1956 வரை 28 தொகுதிகளாக வெளிவந்தது. 1700 முதல் 1950 வரையிலான மொழியைச் சொல்வது.

புதிய அகராதியிலிருந்து தொடங்குவதே நல்லது. சொற்பிறப்புக்கு அதில் தனித் தலைப்பு உண்டு, உச்சரிப்பையும் கேட்கலாம். ஆனால் ‘தன்லேய’ (பல் மருத்துவர்) போல உறுப்புச் சொற்கள் வெளிப்படையாகத் தெரியும் கூட்டுச்சொற்களுக்குச் சொற்பிறப்புக் குறிப்பு பெரும்பாலும் இராது. அப்போது ‘தன்’ (பல்), ‘லேய’ (மருத்துவர்) இரண்டையும் தனித்தனியே தேட வேண்டும்.

‘யோர்டமோடர்’ அவ்வளவு எளிதாகப் பிரியாது. முன்பாதி, குழந்தையைக் குறித்த ‘யோத்’ என்ற பழைய நோர்ஸ் (ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழி) சொல்லின் வழிவந்தது என்பது ஒரு விளக்கம். அந்தச் சொல் வழக்கொழிந்ததும், பேசுவோர் தமக்குப் பழகிய ‘யோர்ட்’டை அங்கே வைத்துவிட்டார்கள். தரையில் பிறந்த குழந்தையைத் தூக்கி எடுப்பவள் என்பதால் வந்த பெயர் என்று இன்னொரு விளக்கமும் உலவுகிறது. முதலாவதே வலுவானது என்பது எங்கள் கருத்து. பொருள் மங்கிய உறுப்பு தெரிந்த சொல்லாகத் திரிவது கூட்டுச்சொற்களில் சகஜம். அண்டை மொழியான ஸ்வீடிஷிலும் மருத்துவச்சி ‘பார்ன்மோர்ஸ்கா’தான், அதில் ‘பார்ன்’ என்பது குழந்தை.

பழைய அகராதியில் பொறுமை வேண்டும். அது 1948 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய முறையில் அச்சானது. பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். தலையில் வட்டமிட்ட ‘ஏ’ (å) அங்கே இரட்டை ‘ஏ’யாக (aa) நிற்கும். சொற்பிறப்பு, தலைச்சொல்லை அடுத்து அடைப்புக்குறிக்குள் சுருக்கெழுத்துகளாக நெருக்கியடித்திருக்கும். சுருக்கப் பட்டியலைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தேடிய கூட்டுச்சொல் தனிப்பதிவாக இல்லாவிட்டால் முதல் உறுப்பின் பதிவில் பாருங்கள்.

செவிலியரைக் குறிக்கும் ‘சூயபிலையர்ஸ்க’வைத் தேடுவோர் ஈற்றைக் கவனிக்க வேண்டும். அது பெண்பால் விகுதி. ஆனாலும் இன்று ஆண் செவிலியருக்கும் இதே பட்டம்தான். விகுதியைப் பார்த்துப் பாலை முடிவு செய்யக் கூடாது.