வேலையோடு டிப்ளமோ: இக்னோவா, பாதியில் இறங்கும் ஆன்லைன் பட்டமா, மாலைநேரப் பாலிடெக்னிக்கா?

பட்டம் என்ற சொல்லைச் சுற்றி இங்கே சட்டம் வேலி போட்டிருக்கிறது. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டம், 22ஆம் பிரிவு: பல்கலைக்கழகங்களும் சட்டப்படி அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் தவிர வேறு யாரும் பட்டம் கொடுக்க முடியாது. டிப்ளமோ என்ற சொல் அந்தப் பிரிவுக்குள் வராது. அதனால்தான் மாடியில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தவரும் ‘டிப்ளமோ இன் பிசினஸ் மேனேஜ்மென்ட்’ என்று தங்க எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார். சுவரில் மாட்டியிருக்கும் ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் அந்த அலுவலகத்தின் நடைமுறைக்குக் கொடுத்தது, படிப்புக்குக் கொடுத்தது அல்ல.

ஆகவே பெயரை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம். இந்தத் தாளை நாளைக்கு யாரிடம் நீட்டப் போகிறீர்கள்? பிற்பாடு பட்டமும் முடிக்கலாம் என்று தோன்றினால், இதில் படித்தது கணக்கில் சேருமா, இல்லை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

இங்கே பேசுவது +2வோ பத்தாம் வகுப்போ முடித்து, பட்டம் இல்லாமல் வேலைக்குப் போனவர்களுக்கான வழிகளை மட்டும். பி.ஜி.டி.எம்., முதுநிலை டிப்ளமோ என்று விளம்பரத்தில் வருபவை பட்டதாரிகளுக்கானவை. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் விண்ணப்பக் கட்டணம் கட்டிய பிறகு தகுதியில்லை என்று தெரிந்துகொள்பவர்கள் உண்டு.

ஒரே பெயர், இரண்டரை மடங்கு உழைப்பு

திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தரும் ஓராண்டு டிப்ளமோவும், புதிய பாடத்திட்டத்தில் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டு முடிவில் கிடைக்கும் இளநிலை டிப்ளமோவும் சான்றிதழில் ஒரே சொல்லைத்தான் தாங்கி வருகின்றன. உள்ளே இருக்கும் எடை வேறு.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நவீன அலுவலக நடைமுறை, சுற்றுலா, நிகழ்வு மேலாண்மை போன்ற டிப்ளமோக்கள் பொதுவாக 32 கிரெடிட்டை ஒட்டி வரும். 32ஐ 30ஆல் பெருக்கினால் 960 மணி நேரம். ஓராண்டில் முடிக்க வாரத்துக்குப் பதினெட்டரை மணி நேரம் வேண்டும். ஞாயிறு உட்பட நாளுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். பேருந்துப் பயணம், ஓவர்டைம், வீட்டு வேலை எல்லாம் போக இது பெரும்பாலோருக்கு நடக்காது. வாரம் ஒன்பது, பத்து மணி நேரம் நடக்கும். அப்படியானால் அது இரண்டாண்டுப் படிப்பு. குறைந்தபட்சக் காலத்தைத் தாண்டி முடிக்க இக்னோ இடம் கொடுக்கிறது. சேரும்போதே இரண்டாண்டுத் திட்டம் போட்டவர்கள்தான் பெரும்பாலும் முடிக்கிறார்கள். ஓராண்டில் முடித்துவிடலாம் என்று எல்லாத் தாளையும் ஒரே தேர்வில் எழுதப் போகிறவர் முதல் டிசம்பரிலேயே சோர்ந்துபோவார்.

அடுத்து, பட்டப்படிப்பின் நடுவில் இறங்குவது. யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகத்தின்படி முதலாண்டு 40 கிரெடிட்டுக்குச் சான்றிதழ், இரண்டாண்டு 80 கிரெடிட்டுக்கு டிப்ளமோ, மூன்றாண்டு 120 கிரெடிட்டுக்குப் பட்டம். தேசிய கிரெடிட் சட்டகம் ஆண்டுக்கு 1,200 மணி நேரம் என்று கணக்கிடுகிறது. டிப்ளமோ வரைக்கும் 2,400 மணி நேரம். அந்த 960ஐப் போல் சரியாக இரண்டரை மடங்கு.

இரண்டரை மடங்கு உழைத்தால் கிடைக்கும் லாபம் ஒன்றுதான், ஆனால் அது பெரியது: படித்தது வீணாகாது. மூன்றாண்டுக்குள் திரும்ப வந்து சேரலாம். மொத்தம் ஏழாண்டுக்குள் பட்டம் முடிக்க வேண்டும். இறங்கும்போது தொழில்சார்ந்த பாடம் ஒன்றில் கூடுதலாக 4 கிரெடிட் எடுக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 80 முடிந்தது, சான்றிதழ் ஏன் வரவில்லை என்று அலைவது இதனால்தான். இந்த ஏற்பாடு எல்லாப் பல்கலைக்கழகத்திலும் நடைமுறையில் இல்லை. தமிழ்நாட்டில் குறிப்பாக, சேருமுன் அந்தந்தப் பாடத்திட்டத்தின் விதிமுறைப் புத்தகத்தில் ‘வெளியேறும் வாய்ப்பு’ பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். கவுன்சலர் போனில் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஐ.ஐ.எம். பெங்களூரு 2024இல் தொடங்கிய ஆன்லைன் பி.பி.ஏ., டிஜிட்டல் வணிகமும் தொழில்முனைவும் பற்றியது, இந்த வகைதான். முதலாண்டில் இறங்கினால் சான்றிதழ், இரண்டாம் ஆண்டில் டிப்ளமோ, மூன்றாம் ஆண்டில் பட்டம்.

சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் மேலாண்மைப் படிப்பு அல்ல. ஆனாலும் இந்தப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. அதன் டேட்டா சயின்ஸ் டிப்ளமோவுக்குள்ளேயே வணிகத் தரவு மேலாண்மை, வணிகப் பகுப்பாய்வு என்று பாடங்கள் இருக்கின்றன. கிடங்கில், கொள்முதலில், விற்பனைக் கணக்கில் வேலை பார்க்கிறவருக்கு மறுநாளே அலுவலகத்தில் பயன்படும் சங்கதிகள். +2வில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் சேரலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நான்கு வாரப் பாடம் நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். அடிப்படை நிலை 8 பாடம், 32 கிரெடிட். அதற்கு மேல் இரண்டு டிப்ளமோக்கள், தலா 27 கிரெடிட்.

நேரக் கணக்குதான் இங்கே கடுமை. ஒரு பாடத்துக்கு வாரம் சுமார் 10 மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறார்கள். ஒரு பருவத்துக்கு இரண்டு பாடம் எடுத்தால் வாரம் 20 மணி நேரம். ஆண்டுக்கு மூன்று பருவம் என்பதால் அடிப்படை நிலைக்கே நான்கு பருவம், அதாவது பதினாறு மாதம். டிப்ளமோ அதற்கப்புறம்தான். வகுப்பு ஆன்லைனில், தேர்வோ மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டியது. ஒன்று மட்டும் வேலையில் இருப்பவருக்கு வசதி: அந்தந்தப் பருவத்தில் எடுக்கும் பாடத்துக்கு மட்டும் கட்டணம் கட்டினால் போதும், குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்துச் சலுகை உண்டு.

இக்னோவில் சறுக்கும் இடங்கள்

அங்கீகாரமும் மலிவும் ஒருசேர வேண்டுமென்றால் இக்னோதான். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு சேர்க்கை. பாடம் கடினம் என்பதால் இதில் தோற்றவர்கள் குறைவு, காகித வேலையில் தோற்றவர்களே அதிகம்.

மதிப்பெண்ணில் 30 விழுக்காடு அசைன்மென்ட், 70 விழுக்காடு பருவ இறுதித் தேர்வு. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, அசைன்மென்ட் கொடுக்காததால் ‘முடிக்கவில்லை’ என்றே வருடக்கணக்கில் நிற்கும் மதிப்பெண் பட்டியல்கள் ஏராளம். அசைன்மென்ட் கையால் எழுதியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்துக்கும் கேள்விகள் மாறும். கடையில் விற்கும் பழைய பருவத்து விடைப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் உழைப்பு குப்பைக்குப் போகும். காலக்கெடு தவறினால் அடுத்த பருவத்தின் புதிய கேள்விகளுக்கு மறுபடி எழுத வேண்டும். ஸ்டடி சென்டரில் கொடுத்ததும் ரசீது வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். மதிப்பெண் ஏறாமல் போனால் அந்த ரசீதுதான் சாட்சி.

அடுத்த பொறி: சேர்ந்துவிட்டால் தேர்வுக்குப் பெயர் தானாக வந்துவிடாது. ஜூன், டிசம்பர் தேர்வு ஒவ்வொன்றுக்கும் தனியாக விண்ணப்பித்து, தாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட். தேர்வுகள் வார நாட்களிலும் வரும், வாரக்கணக்கில் நீளும். நான்கு தாள் எழுதுகிறவருக்கு நான்கு நாள் விடுப்பு, வெவ்வேறு வாரங்களில். மார்ச் கணக்கு முடிப்பில் சிக்கியவர் ஜூனுக்கு இரண்டு தாளும், டிசம்பருக்கு மீதியும் வைத்துக்கொள்வது நல்லது.

மொழியைப் பொறுத்தவரை, ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக எழுதித் தள்ள முடியாதவர் 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். தமிழ்வழிப் பாடநூல் இருப்பது சாதாரண வசதி அல்ல, அதுவே பலருக்குத் தேர்ச்சிக்கும் அரியருக்கும் உள்ள தூரம்.

ஷிப்ட் மாறும் தொழிற்சாலைக்காரருக்கு

பட்டறையில், உற்பத்திப் பிரிவில் பத்தாண்டு நின்றவர் மேற்பார்வையாளர் ஆவதற்கு மேலாண்மை டிப்ளமோ எடுக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்பதே சரியான பதில். அந்தப் பதவிக்கான தகுதி விதியில் இயந்திரவியலோ மின்னியலோ டிப்ளமோ என்றுதான் எழுதியிருப்பார்கள். முதலில் மனிதவளத் துறையில் அந்த விதியின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

பொறியியலைத் தொலைநிலையில் படிக்க முடியாது. தபால்வழிப் பொறியியல் பட்டங்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 3 அன்று தந்த தீர்ப்புக்குப் பிறகு அந்தக் கதவு இறுக மூடிவிட்டது. மீதமிருப்பது பகுதிநேரப் பாலிடெக்னிக்: பகலில் மூன்றாண்டில் முடிவது, மாலையில் நான்காண்டு. பத்தாம் வகுப்பே அடிப்படைத் தகுதி. 2023-24 முதல், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. ‘பணியில் உள்ளோருக்கான’ பிரிவு என்று தனியாக அனுமதிக்கிறது. பணி அனுபவச் சான்று கேட்பார்கள், வேலை செய்யும் இடம் கல்லூரியிலிருந்து எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. டிப்ளமோ கையில் இருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதால் இதுவும் மேலே தொடரும் படிதான்.

இதைக் கெடுப்பது இரண்டாம் ஷிப்ட். மாலை ஆறு மணி வகுப்புக்கு, பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்து வரை வேலை இருக்கும் வாரத்தில் போக முடியாது. மூன்று ஷிப்ட் சுழலும் இடத்தில் மூன்றில் ஒரு வார வருகை இப்படியே போய்விடும், வருகைக் குறைவால் தேர்வு எழுத விடமாட்டார்கள். நிரந்தரப் பொது ஷிப்டுக்கோ, முதல் ஷிப்டுக்கோ மாற்றிக் கொடுப்பதாக மேலாளர் எழுத்தில் தந்தால் சேரலாம். வாய்ச்சொல்லை நம்பினால், மேலாளர் மாற்றலான அன்றே படிப்பும் நின்றுவிடும்.

பி.வொக். என்ற தொழிற்கல்விப் பட்டமும் இதே குடும்பம்: ஓராண்டில் டிப்ளமோ, இரண்டாண்டில் மேல்நிலை டிப்ளமோ, மூன்றாண்டில் பட்டம். ஆண்டுக்கு 60 கிரெடிட், அதில் 36 தொழில்திறன், 24 பொதுப்பாடம். ஏட்டறிவைவிடக் கைவேலைக்கு எடை கொடுக்கும் நல்ல அமைப்பு. ஆனால் பெரும்பாலும் பகல் கல்லூரி, வேலையை விடாமல் படிக்க நினைப்பவருக்கு எட்டுவது அரிது.

அங்கீகாரத்தைச் சரிபார்ப்பதில் ஒரு நெளிவு

எல்லோரும் சொல்லும் அறிவுரை: யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். பட்டத்துக்கு அது சரி. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் ஆண்டு, பருவம், அந்தக் குறிப்பிட்ட பாடத்தின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். ஆனால் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் இளநிலை, முதுநிலைப் பட்டங்களுக்கும் முதுநிலை டிப்ளமோவுக்குமானவை. +2 தகுதியிலான ஓராண்டு டிப்ளமோவை அந்தப் பட்டியலில் தேடிக் கிடைக்கவில்லை என்று பதற வேண்டாம், கிடைக்கும் என்று எவராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். அந்த டிப்ளமோவில் பார்க்க வேண்டியது, சான்றிதழில் கையெழுத்திடுவது பல்கலைக்கழகமா, இடையில் நிற்கும் ‘பயிற்சி மையமா’ என்பதை. பணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேராகப் போகிறதா என்பதே எளிய சோதனை. வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பை உங்கள் தெருவில் ஒருவர் நடத்தினால் விலகிவிடுங்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் படிப்புக்கு எல்லை வரம்பு உண்டு, ஆன்லைன் படிப்புக்கு மட்டும் அது இல்லை.

அரசு வேலை மனத்தில் இருந்தால் வரிசை முக்கியம். திறந்தநிலைப் பட்டம் தமிழ்நாடு அரசுப் பணிக்குச் செல்லுபடியாக வேண்டுமானால் பத்தாம் வகுப்பு, +2, பிறகு பட்டம் என்ற ஒழுங்கில் படித்திருக்க வேண்டும் என்பது 2009 அரசாணை. +2 இல்லாதவர் முதலில் அதை எழுதி முடிப்பதே கெட்டிக்காரத்தனம். ஏற்கெனவே அரசு ஊழியராக இருப்பவர் சேருமுன் துறையின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

தனியார் துறையில் வேறு கதை. ஆன்லைன் விண்ணப்பத்தில் ‘பட்டதாரியா?’ என்ற கட்டத்துக்கு ஓராண்டு டிப்ளமோ ‘ஆம்’ ஆகாது. அந்தக் கட்டம்தான் உங்களைத் தடுக்கிறது என்றால் இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலையிலோ நேராக பி.பி.ஏ.வில் சேருங்கள், டிப்ளமோவில் ஓராண்டைச் செலவிட வேண்டாம். இருக்கும் இடத்திலேயே சம்பள உயர்வுக்கோ வேறு பிரிவுக்கு மாறவோ ஒரு தாள் போதுமென்றால், 960 மணி நேர டிப்ளமோ தாராளம்.

வாரம் பத்து மணி நேரம் உண்மையிலேயே கிடைக்குமா என்று சந்தேகம் இருந்தால், சேருமுன், ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் பன்னிரண்டு வார மேலாண்மைப் பாடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். படிக்கக் கட்டணம் இல்லை, தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய். வாராவாரம் அசைன்மென்ட்: பன்னிரண்டில் சிறந்த எட்டு கணக்கில் வரும், அதற்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. எட்டாவது வாரத்தில் எத்தனை அசைன்மென்டை நேரத்துக்குக் கொடுத்தோம் என்று எண்ணுங்கள். ஆறுக்குக் கீழே இருந்தால் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். வழிகளை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, இக்னோவில் இரண்டாண்டுத் திட்டத்தோடு ஜூலைக்கோ ஜனவரிக்கோ விண்ணப்பியுங்கள்.