நாதஸ்வரமும் ஹெட்போனும்: காது களைக்காமல் கேட்க நான்கு ஆண்டுகளில் கற்றவை

நான்கு ஆண்டுகளாக ஒரே ஹெட்போனைத்தான் பாவிக்கிறேன். காதை முழுவதும் மூடுகிற, வயர் உள்ள வகை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் நாதஸ்வரமும் தவிலும் கேட்பேன். தவில், நாதஸ்வரக் கலைஞர்கள் நிறைந்த யாழ்ப்பாணத்து இணுவிலில் வளர்ந்தவனுக்கு அது இல்லாமல் நித்திரை வராது. ஆனால் முதல் ஆண்டில் முக்கால் மணி நேரத்திலேயே காது பஞ்சு அடைத்தது போலாகிவிடும். கழற்றிய பின்னும் மெல்லிய ரீங்காரம் நிற்கும். ஹெட்போனில்தான் குறை என்று நினைத்து, வேறு வாங்கப் பணமும் சேர்த்தேன்.

குறை மின்விசிறியில் இருந்தது. சித்திரை வெக்கையில் அது சுழலாமல் அறையில் இருக்க முடியாது. அந்த இரைச்சல் தவிலின் தொப்பி என்னும் இடப் பக்கத்துக் கும்மென்ற ஒலியை விழுங்கிவிடும். அது கேட்கவேண்டும் என்று சத்தத்தைக் கூட்டினால், வலந்தலை என்னும் வலப் பக்கத்தில் விழும், விரல்களில் மாட்டிய கூடுகளின் அடி ஊசியாய் இறங்கும். ஒரு நாள் விசிறியை நிறுத்திவிட்டு, தொப்பி தெளியும் அளவுக்கு மட்டும் சத்தம் வைத்துப் பார்த்தேன். கைபேசியின் சத்த அளவில் 11ஆம் படியில் கேட்டு வந்தவனுக்கு 7 போதுமாக இருந்தது! இப்போது விசிறியைக் கால்மாட்டுக்குத் தள்ளி, குறைந்த வேகத்தில் விடுகிறேன். காதுக்குப் பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகிவிடும். அந்த நான்கு படிகள் சின்ன விஷயமல்ல.

அடுத்தது ஈக்குவலைசர், அதாவது தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் அமைப்பு. நம் காதுத் துவாரம் இயல்பாகவே 3 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒலியைப் பெருக்குகிறது. நாதஸ்வரத்தின் வீரியத்திலும் பெரும்பங்கு அந்தப் பக்கத்தில்தான். அங்கே 3 டெசிபல் குறைத்தேன். இரண்டு நாள் மங்கலாகத் தெரிந்தது, பிறகு பழகிவிட்டது. 6 குறைத்தபோது நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியின் உயிரே போய்விட்டது, அவ்வளவு வேண்டாம். சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகள் காதுக்கு இன்னும் குறைவாகவே எட்டும் என்பதால், 100 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் கூட்டியிருக்கிறேன்.

1975இல் மறைந்த யாழ்ப்பாணத்துத் தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தியின் தவிலைத் தேடிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பழைய பதிவுகளின் பிரதிகள் சில ஒரு காதில் மட்டுமே ஒலிக்கும். அரை மணி நேரத்தில் தலையின் ஒரு பக்கம் கனத்துவிடும். கைபேசி அமைப்பில், இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் மோனோவைத் தெரிவுசெய்தால் இரு காதிலும் சமமாக வரும்.

காதுமெத்தையின் செயற்கைத் தோல் வியர்வையில் உரிந்து, கறுப்புத் துகள்கள் காதுமடலில் ஒட்டத் தொடங்கியதும் துணி மெத்தைக்கு மாறினேன். வெளிச்சத்தம் கொஞ்சம் கூடுதலாக நுழைகிறது, ஆனால் சூடு இல்லை.

இப்போது இரண்டு மணி நேரமும் கேட்க முடிகிறது, நடுவில் பத்து நிமிடம் கழற்றி வைத்து முற்றத்தில் நடந்துவிட்டு வருவேன். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் மட்டும், கோயிலில் மேளம் கேட்டு வந்த இரவுகளில் ஹெட்போனைத் தொடுவதில்லை.