ரெண்டாவது ஆன்டெனா எங்கே?

8 ஜிபி ரேமோடு வைஃபை 7 இருக்கும் லேப்டாப் மாடலா, 16 ஜிபி ரேமோடு வைஃபை 6 மாடலா என்று நண்பன் கேட்டான். 16 ஜிபிதான்டா, யோசிக்கவே வேண்டாம். ஆனால் ஸ்பெக் பட்டியலில் வைஃபை வரியில் 1×1 என்று இருக்கிறதா, 2×2 என்று இருக்கிறதா பார் என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டான். 1×1 என்றால் வைஃபைக்கு ஒரே ஆன்டெனா, 2×2 என்றால் ரெண்டு என்று ஆரம்பித்து, நாலு வருஷக் கடுப்பைக் கொட்டிவிட்டேன்.

என் லேப்டாப் பெரிய கம்பெனிதான், பெயர் வேண்டாம். கீபோர்டில் ஒரு எழுத்துகூட அழியவில்லை, ஸ்கிரீன் கீல் ஆடவில்லை, பேட்டரி இன்னும் ஒரு மதியம் தாங்குகிறது. வைஃபைதான் வினை. வீட்டில் 500 எம்பிபிஎஸ் ஃபைபர். ஹாலில் போன் 400-க்கு மேல் காட்டும். பக்கத்திலேயே லேப்டாப் 250-ஐத் தாண்டாது. லிங்க் ஸ்பீட், அதாவது லேப்டாப்பும் ரவுட்டரும் பேசிக்கொள்ளும் வேகம், பார்த்தால் 433. வைஃபை 5-இல், 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில், ஒற்றை ஆன்டெனாவுக்கு உச்சமே அவ்வளவுதான். ரெண்டு இருந்தால் 867. உள்ளறைக்குப் போனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவரிடம் தோற்று, தானாக 2.4-க்கு இறங்கிவிடும். ப்ளூடூத்தும் அதே 2.4-இல், அதே ஆன்டெனாவைப் பங்கு போடும். மீட்டிங் நடுவே ஏதாவது டவுன்லோடு ஓடினால் இயர்போனில் குரல் கரகரவென்று துண்டாகும். மேனேஜர் பேசும்போது வசதிதான், மற்ற நேரம் தலைவலி.

போன மாதம் ஃபேனைச் சுத்தம் செய்யத் திறந்தபோதுதான் நிஜமாகவே கொதித்தது. 22-க்கு 30 மில்லிமீட்டரில் குட்டியாக வைஃபை கார்டு. அதில் ஒரே ஒரு ஒயர். பக்கத்திலேயே இன்னொரு ஒயர், முனையில் பிளாஸ்டிக் உறை மாட்டி, டேப் ஒட்டி, சும்மா கிடக்கிறது. ஸ்கிரீன் வரைக்கும் ரெண்டாவது ஆன்டெனாவை இழுத்துவிட்டு, கார்டில் போய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்!

ரெண்டு ஒயரும் மாட்டக்கூடிய இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டு வாங்கி மாட்டினேன். (என்னுடையது ஏஎம்டி, ஏஎக்ஸ்211 ஆகாது; அது இன்டெல் பிராசசரோடு மட்டுமே ஓடும்.) அந்தப் பொடி கனெக்டரை அழுத்தி உட்கார வைப்பதற்குள் பொறுமை போய்விட்டது. லிங்க் ஸ்பீட் 867. கரகரப்பு போயே போச்சு.

வைஃபை 7-க்கு ரவுட்டரும் 7 ஆக வேண்டும், விண்டோஸ் 11-இல் 24எச்2 வெர்ஷனாவது வேண்டும், பெரிதாகப் பேசப்படும் 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் 6 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான். ஃபைபர்காரர் சும்மா கொடுத்த டப்பாவில் இதெல்லாம் ஏது? கார்டைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். போர்டோடு சால்டர் செய்த ரேமை என்ன செய்வது? கார்டையே சால்டர் செய்த மாடல்களும் உண்டு. அதில் 2×2 இல்லையென்றால் தொடாதே.

இப்போது இந்த லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தக் கம்பெனியை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஐந்நூறு ரூபாய் கூடவே கொடுத்திருப்பேனே!