கொசப்பேட்டை மெத்த வீட்ல நடுச்சுவர் எடுத்த வேலை, 4 ஸ்டார்

எங்களுது தாத்தா காலத்து மெத்த வீடு, மெட்ராஸ் டெரஸ், தேக்கு கட்டைங்கள வரிசையா போட்டு மேல சின்ன செங்கல்ல குறுக்கு சாய்வா குத்தி சுண்ணாம்பு போட்ட கூரை. அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனப்புறம் வாக்கர் வச்சிக்கினு நடு ரூம் வாசப்படில திரும்பவே முடியல, சரி ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவுல இருக்கற சுவர எடுத்துடலாம்னு பாத்தோம்.

மொதல்ல வந்த மேஸ்திரி சுவத்த தட்டிப் பாத்துட்டு ரெண்டு நாள் வேலை சார்னாரு. எனக்கு மனசு ஒப்பல. அப்புறம் சத்துவாச்சாரில இருந்து ஒரு இன்ஜினியரையும் அவரு ஆளுங்களையும் கூப்பிட்டேன், இந்த ரிவியூ அவங்களுக்குதான். வந்ததும் அண்ணாந்து கட்டைங்க எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தாரு, சுவத்து உச்சில ஒரு ஜான் பூச்ச கொத்தி டார்ச் அடிச்சு காட்டினாரு, ரெண்டு பக்கத்து கட்டை முனையும் அந்த சுவத்து மேலதான் உக்காந்திருக்கு! சும்மா இடிச்சிருந்தா கூரையே இறங்கியிருக்கும், அம்மா கட்டில் அதுக்கு நேர் கீழ, நினைச்சாலே வயிறு கலங்குது.

இவங்க சுவத்துக்கு ரெண்டு பக்கமும் கூரைய தாங்க ஜாக்கி (இரும்பு முட்டு) குடுத்தாங்க, பழைய தரைக்கு கீழ வெறும் மண்ணுதான்றதால ஜாக்கி அடியில நீள பலகை போட்டாங்க. ரெண்டு ஓரத்துலயும் பீம் உக்கார கான்கிரீட் பெட் போட்டு 7 நாள் தண்ணி ஊத்தினாங்க. சுவர் 14 இன்ச், அதனால ஹால் பக்கம் பாதி கனத்துக்கு காடி வெட்டி ஒரு ஐ பீம் (I வடிவ இரும்பு உத்தரம்) ஏத்தி, கட்டைக்கும் பீமுக்கும் நடுவுல இரும்பு தகடு அடிச்சு இறுக்கி, அதுக்கப்புறம்தான் ரூம் பக்கம் ரெண்டாவது பீம். ரெண்டும் ஏறின பிறகுதான் கீழ சுவத்துல கையே வச்சாங்க. ஜாக்கிய ரெண்டு நாளா கொஞ்சம் கொஞ்சமா தளத்தினாங்க.

குறைன்னா, மழைத்தண்ணில ரெண்டு கட்டை முனை உளுத்திருந்துச்சு, அத சரி பண்ணது நல்லதுதான் ஆனா என்கிட்ட கேக்காமலே பில்லுல ஏத்திட்டாங்க. சுண்ணாம்பு சுவத்துல சிமெண்ட் பூசினதுக்கு சண்டையே போட்டேன், ஈரம் வெளிய வராம உள்ள தங்கி சுவர் கெட்டுடும்ல, பேத்துட்டு திரும்ப சுண்ணாம்புல பூசி குடுத்தாங்க.

பீம் உக்காந்த ஓரத்துல ஒரு பழைய விரிசல், அது மேல இன்ஜினியர் சின்ன கண்ணாடி துண்டு ஒட்டிட்டு போனாரு, சுவர் அசைஞ்சா அது ஒடஞ்சிடும் உடனே போன் பண்ணுங்கன்னாரு. 3 மாசம் ஆச்சு, தினம் காலைல அம்மாதான் வாக்கரோட போய் அத பாத்துட்டு வராங்க, அப்படியே இருக்கு.