தனுஷ்கோடிக் கரையில் கம்புத் தூண்டில்: மூன்று முறை போய்வந்த பின் ஒரு மதிப்பீடு

முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனைக்குப் போகும் சாலையின் தென்புற மணற்கரையில் நின்று, நீண்ட கம்புத் தூண்டிலை அலைக்கு அப்பால் வீசி மீன் பிடிக்கக் கற்றுத்தரும் ஒரு சேவையைக் கடந்த ஓராண்டில் மூன்று முறை பயன்படுத்தினேன். நடத்துபவர் கரைவலை இழுக்கும் குடும்பத்தில் பிறந்த பாம்பன் மீனவர். தம்முடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அவற்றை இங்கே தரவில்லை. பாம்பனில் மீன் இறங்கும் கரையில் காலை நேரத்தில் விசாரித்தால் ஆளைக் காட்டிவிடுவார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஆளுக்கு 900 ரூபாய் வாங்குகிறார். கம்பு, ரீல், தங்கூசி என்னும் தூண்டில் நரம்பு, ஈயக்குண்டு, இரை எல்லாம் அதில் அடங்கும்.

முதல் முறை தை மாதக் கடைசியில் பரமக்குடியிலிருந்து விடியலுக்கு முன்பே கிளம்பி, பதினொரு வயது மகளுடன் போயிருந்தேன். போன உடனே கம்பைக் கையில் கொடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ முதல் முக்கால் மணி நேரம் எங்களைச் சாலையோரக் கற்சுவரின் மேல் உட்காரவைத்துத் தண்ணீரை மட்டும் பார்க்கச் சொன்னார். அலை எந்த இடத்தில் உடைகிறது, எந்த இடத்தில் உடையாமல் கரைவரை வழுக்கிக்கொண்டு வருகிறது என்பதை மகளிடம் கேட்டுக் கேட்டுச் சொல்லவைத்தார். அலையின் உயரத்தைவிடச் சற்றே கூடுதலான ஆழத்துக்கு வரும்போதுதான் அது உடையும் என்பதால், வெள்ளையாக நுரைக்கும் வரிசை மணல்திட்டு, அதற்கும் கரைக்கும் நடுவே கறுத்துக் கிடக்கும் நீர் பள்ளம், திட்டின் இரு நுனிகளுக்கிடையே நுரையில்லாமல் தெரியும் இடைவெளி உள்ளே வந்த தண்ணீர் மறுபடி கடலுக்குப் போகும் வாய் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். அலை கிளறிய மணலிலிருந்து வெளிப்படும் புழுவும் சிறு நண்டும் அந்த வாய் வழியாகத்தான் அடித்துச் செல்லப்படும், மீன் அங்கே காத்திருக்கும், தூண்டில் விழ வேண்டிய இடமும் அதுதான் என்றார். அதே வாயில்தான் மனிதரை உள்ளே கொண்டுபோகும் இழுப்பும் இருப்பதால் அங்கே முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது என்பதை மூன்று தடவை சொன்னார். இந்த முக்கால் மணி நேரத்துக்காகவே 900 ரூபாயைத் தரலாம் என்பது என் முடிவு. ஏனென்றால் அதற்குப் பிறகு எந்தக் கடற்கரைக்குப் போனாலும் என் கண் முதலில் அந்தக் கறுப்புப் பட்டையைத்தான் தேடுகிறது.

தனுஷ்கோடி நிலம் ஒரு மணல் நாக்கு. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. உள்ளூரில் முன்னதை ஆண்கடல் என்றும் பின்னதைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். வடக்குக் கடலின் பெரும்பகுதி 10 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. தெற்குக் கடல் இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்து கிடப்பது. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் தென்கரை கொந்தளிக்கும், வடகரை குளம்போல் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை எழுந்ததும் நிலைமை தலைகீழாக மாறும். ஆகவே தூண்டிலுக்கு எந்த மாதம் நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த மாதம் எந்தக் கரை என்றுதான் கேட்க வேண்டும். நாங்கள் போன தை மாதக் காலையில் வாடைக் காற்று முதுகில் அடித்ததால் தென்கரையில் அலை இடுப்பளவுக்கும் குறைவாக இருந்தது. தூண்டிலும் காற்றோடு சேர்ந்து எளிதாகத் தொலைவில் போய் விழுந்தது.

ஓதத்தைப் பற்றி அவர் சொன்னதும் பயனுள்ளது. இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், கரைச்சரிவு மென்மையாக உள்ள இடத்தில் அந்தச் சிறு ஏற்றமே பள்ளத்தை நிரப்பி மீனை உள்ளே கொண்டுவரப் போதுமானது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக ஏறி இறங்கும். அட்டமி நவமியில் அசைவு குறைந்துவிடும். நாள் கேட்டு அழைத்தால் முதலில் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார். அதோடு ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் அலை முன்னறிவிப்பையும் கைப்பேசியில் தவறாமல் பார்க்கிறார். தெற்கே வெகுதொலைவில் எழும் புயலால் உண்டாகும் நீண்ட அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறும் என்பதால் வானத்தை மட்டும் நம்பி இறங்கக் கூடாது என்பது அவருடைய உறுதியான கொள்கை.

அன்று பிடித்தவற்றில் பெரும்பாலானவை கிழங்கான். மணலைக் கிளறி உண்ணும் மீன் இது. வாயைக் குழல்போல் நீட்டி இரையை உறிஞ்சுவதால், பெரிய தூண்டில் முள்ளில் பெரிய இறாலைக் கோத்துப் போட்டால் இரை மட்டும் காணாமல் போகும், மீன் வராது. அலை பின்வாங்கும் நொடியில் மணலுக்குள் புதைந்துகொள்ளும் சிறு நண்டுகளை அவர் கையால் தோண்டி எடுத்து, ஓட்டோடு சேர்த்து முள்ளில் கோத்தார். கம்பை மணலில் ஊன்றிவிட்டு வேடிக்கை பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. தங்கூசியை ஆள்காட்டி விரலின் மேல் மெல்லத் தாங்கிப் பிடிக்கச் சொன்னார். மகளின் விரலில் முதல் தட்டு வந்ததும் அவள் வெடுக்கென்று இழுக்கப் போனாள். “பொறு பாப்பா, அது ருசி பாக்குது. ரெண்டாவது தட்டுக்கு இழு” என்று கம்பின் மேல் கை வைத்து நிறுத்தினார். இரண்டாவது தட்டு வந்தது, இழுத்தாள். ஒரு சாண் நீள மீன் ஈரமணலில் வந்து விழுந்தபோது, அதன் முதுகில் ஓடிய வெளிர்பழுப்பும் வயிற்றின் வெள்ளியும் மணலின் நிறத்தோடு அப்படியே கலந்திருந்ததால், துள்ளினால்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அன்று ஒன்பது கிழங்கான் கிடைத்தது. விரல் நீளமே இருந்த இரண்டைத் திரும்ப விட்டுவிட்டோம்.

மற்ற மீன்கள் பருவத்தையும் இரையையும் பொறுத்தவை. நுரைக்குள் சிறுமீனைத் துரத்தி வரும் பாரைக் குஞ்சுகளும் கட்டாவும் வெள்ளி நிறப் போலி இரையை வேகமாக இழுத்தால் பாய்ந்து பிடிக்கும். ஊளியின் பல் தங்கூசியை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேல் ஒரு சாண் கம்பி கட்ட வேண்டும். முரல் நீர்மட்டத்திலேயே திரியும். அதற்கு மிதவை தேவை. கீச்சான் எப்போதும் உண்டு. இரையைத் திருடுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. கையில் எடுத்தால் ஒலியெழுப்பும், செவுள்மூடியின் முள்ளோ விரலைக் கிழிக்கும். மடவை கண்ணெதிரே கூட்டமாகப் போகும். ஆனால் பாசியையும் சேற்றுப் படிவையும் மேய்வதால் தூண்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அதற்கு வீச்சுவலைதான். பேத்தை மாட்டினால் சமைக்கும் எண்ணமே கூடாது, அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. நெய்மீனும் பெரும்பாரையும் கிடைக்கும் என்ற நினைப்பில் வருபவர்களுக்குப் பகல்நேரக் கரைத்தூண்டில் ஏமாற்றமாகவே இருக்கும். தனுஷ்கோடியில் இருட்டுவதற்கு முன் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு இருப்பதால் இரவுத் தூண்டிலுக்கும் வாய்ப்பில்லை.

பாதுகாப்பில் இவர் காட்டும் கவனம் நான் வேறெங்கும் பார்க்காதது. அவருடைய பையில் ஒரு பிளாஸ்க் இருந்தது. தேநீர் என்று நினைத்துக் கேட்டேன்; உள்ளே இருந்தது வெந்நீர். கெளுத்தி, ஓரா, திருக்கை மூன்றின் முள்ளிலும் நஞ்சு உண்டு. குத்துப்பட்ட இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி தணியும், அதன் பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று விளக்கினார். ஆழமற்ற நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்துத் தேய்த்து வைத்தால் அடியில் படுத்திருக்கும் திருக்கை விலகி ஓடிவிடும் என்பதையும் நடத்திக் காட்டினார். பங்குனியில் போனபோது உடன் வந்த ஒருவருடைய உள்ளங்கையில் கெளுத்தி முள் ஏறியது. அந்த வெந்நீர் அன்று பயன்பட்டது.

குறைகளும் உண்டு. நான்கு கம்புகளில் ஒன்றின் ரீல் உப்பேறிப் பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. பங்குனியில் போனபோதும் அதே ரீல்தான், அதே நிலைதான். கடல்நீரில் பயன்படுத்திய ரீலை அன்றன்றே நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடுவது பெரிய வேலையில்லை. முள்ளும் ஒரே அளவில்தான் இருந்தது. கிழங்கானுக்குச் சிறிய முள் கொண்டுவந்தவர்களுக்குக் கூடுதலாக மீன் கிடைத்ததை நானே பார்த்தேன். பெண்களும் குழந்தைகளும் வரும் பயணத்தில் கழிப்பிடத்துக்கு எந்த ஏற்பாடும் இல்லாதது பெரிய குறை. சத்திரம் வரை வண்டியில் திரும்பிப் போய்வர அரை மணி நேரம் வீணாகிறது. இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது வேறொன்று. அவருக்கு உதவிக்கு வந்த இளைஞர் சிக்கலான தங்கூசிச் சுருளை முள்ளோடு மணலிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினார். தை முதல் பங்குனி வரை, ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமை முட்டையிட ஏறும் கரை அது. வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும் இடம். சுருளை எடுத்துக்கொண்டுபோய் நடத்துபவரிடம் காட்டியதும், “தப்புதான் சார்” என்று மட்டும் சொல்லி வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த முறை போனபோது மூடியுள்ள ஒரு வாளி வந்திருந்தது, அறுந்த தங்கூசியெல்லாம் அதற்குள் போனது.

எல்லைகளை அவர் மதிப்பதையும் குறிப்பிட வேண்டும். 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு, பறவைகள் மேயும் வடபுறக் காயல் பக்கம் யாரையும் அவர் கூட்டிச் செல்வதில்லை. வனத்துறையினர் அனுமதிக்கும் கரையைத் தாண்டுவதில்லை. கரைவலை வளைத்திருக்கும் இடத்துக்கு இரு பக்கமும் தூண்டில் போடவிடுவதில்லை. வலை கரையேறும்வரை காத்திருக்கச் சொல்கிறார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொருவர், பெரிய மீன் உறுதி என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு, படகில் தீவுக்குக் கூட்டிப்போவதாக அழைத்தார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா; அனுமதியின்றி அங்கே இறங்குவதே குற்றம். மறுத்தேன், முன்பணம் திரும்பவில்லை.

மூன்றாவது முறை ஆடியில். தென்கரைக்கே நாள் குறித்திருந்தோம். முந்தின நாள் மாலை அவரே அழைத்து, “நாளைக்கு வராதீங்க சார், கச்சான் ஏறிருச்சு. பாசியும் தள்ளுது, ஈயம் நிக்காது” என்று சொல்லி முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். பத்து நாள் கழித்து உச்சிப்புளிக்கு அருகே அரியமான் கரையில், சவுக்குத் தோப்பு நிழலில், அசையாத பெண்கடலில் தூண்டில் போட்டோம். மீன் குறைவுதான். காரலும் கீச்சானும் தவிர ஒரே ஒரு ஓரா; அதையும் துணியால் பிடித்துத் தூண்டில் முள்ளைக் கழற்றினார். அலையில்லாத நீர் என்பதால் முதன்முறை கம்பு பிடிப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்தக் கரையே ஏற்றது. அலையில் மீன் தேடும் இன்பம் வேண்டுமென்றால் தை, மாசியில் தென்கரைதான்.

சொந்தமாகக் கம்பு வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு போகலாம். கட்டணத்தில் 200 ரூபாய் குறைத்துக்கொள்கிறார். தொப்பியும் குடிநீரும் அவசியம், அங்கே நிழல் கிடையாது. மாசி வளர்பிறை ஏகாதசியை ஒட்டி நாங்கள் நாள் கேட்டிருக்கிறோம். மகள் பத்தாம் எண் முள் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறாள், அவருக்கும் சேர்த்து.