ஊட்டியில் கணிதமா, கீழே இறங்கி நிதிக்கணிதமா?

நிதியையும் கணிதத்தையும் இளங்கலையிலேயே சேர்த்துப் படிக்க நினைக்கும் நீலகிரிப் பிள்ளைகளுக்கு மூன்று வழி உண்டு. பெயரிலேயே இரண்டும் இருக்கும் பட்டத்துக்காகக் கோவைக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ இறங்குவது முதல் வழி. ஊட்டி அரசு கலைக் கல்லூரி மாதிரி மலையிலேயே இருக்கும் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்து, நிதியைத் தானே தனியாகப் படித்துக்கொள்வது இரண்டாவது. மூன்றாவது பி.காம். என் சாய்வு இரண்டாவது பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எவ்வளவு தள்ளுபடி செய்து படிப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

பி.காமை இரண்டு வரியில் முடித்துவிடலாம். கணக்குப்பதிவு, வரி, தணிக்கை இவற்றில்தான் மனம் போகிறது, சி.ஏ.தான் இலக்கு என்றால் அதுவே நேர்வழி. ஆனால் "சி.ஏ.வுக்காகத்தான் பி.காம். எடுத்தே ஆகணும்" என்று வீட்டில் சொன்னால் அது தவறு. பட்டம் முடித்தவர்கள் சி.ஏ.வின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதம் வேண்டும், மற்றவர்களுக்கு 60. கணிதம் படித்தவருக்கு அந்தக் கதவு மூடவில்லை, ஐந்து சதவீதம் உயரமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

செலவைப் பற்றியும் அதிகம் பேச ஒன்றுமில்லை. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரத்தில் அடங்கிவிடும். கீழே சுயநிதிப் பட்டம், விடுதி, சாப்பாடு என்று போனால் கணக்கு லட்சத்தில் நடக்கும். எது மலிவு என்பது எல்லோருக்கும் தெரியும். மலிவானது என்பதால் குறைந்ததா என்பதுதான் கேள்வி.

அதற்கு, நிதிக்குள் கணிதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயி 5 லட்சம் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத ஃபிளாட் வட்டி, அதாவது அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கே வட்டி, 5 ஆண்டு. வட்டி இரண்டரை லட்சம், மொத்தம் ஏழரை லட்சம், 60 தவணை, மாதம் 12,500 ரூபாய். அதே 10 சதவீதம் குறையும் நிலுவையில் போட்டிருந்தால் தவணை 10,624 ரூபாய்தான். அப்படியானால் ஃபிளாட் கடனின் உண்மையான வட்டி எவ்வளவு?

60 தவணைகளின் இன்றைய மதிப்பு 5 லட்சத்துக்குச் சமமாகும் விகிதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சமன்பாட்டை எழுதிப் பார்த்தால் வட்டி விகிதம் மேலேயும் கீழேயும் அடுக்கிலுமாக மாட்டிக்கொண்டிருக்கும், அதைத் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது. எக்செல் ஒரு சொடுக்கில் விடை சொல்லும். கணித மாணவருக்கு எக்செல் உள்ளே என்ன செய்கிறது என்பது தெரியும், அது எண்ணியல் முறைகள் தாளில் வரும் நியூட்டன்-ராப்சன் போன்ற ஒரு தேடல். மாதம் 1.5 சதவீதம் என்று ஊகத்தில் தொடங்கினால் முதல் சுற்றில் 1.43878, அடுத்த சுற்றில் 1.43948. அதற்குப் பிறகு அசைவதில்லை. ஆண்டுக்கு 17.27 சதவீதம். "பத்து வட்டி" என்று கையெழுத்துப் போட்ட கடன்.

இந்த அளவுக்கு வணிகவியல் மாணவரும் கருவியை வைத்துச் சமாளிப்பார். இடறுவது அடுத்த படியில்தான். குன்னூர் தேயிலை ஏலம் வாரா வாரம் நடக்கிறது. வார விலை மாற்றத்தின் திட்ட விலக்கம் 2 சதவீதம் என்று வைத்தால், ஆண்டுக்கு எவ்வளவு என்று கேட்டால் பாடப்புத்தகம் 52இன் வர்க்கமூலத்தால் பெருக்கச் சொல்லும், 14.4 சதவீதம் வரும். ஆனால் அந்த வர்க்கமூலம் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. ஒரு வார மாற்றத்துக்கும் அடுத்த வார மாற்றத்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஒரே திசையில் சில வாரம் நகரும் பழக்கம் விலைக்கு இருந்தால் உண்மையான ஏற்ற இறக்கம் 14.4ஐ விடக் கூடுதல். கூட்டுத்தொகையின் மாறுபாடு (variance) எப்படி விரியும் என்று நிகழ்தகவுத் தாளில் நிரூபித்துப் பார்த்தவருக்கு இந்தச் சந்தேகம் தானாக வரும். சூத்திரமாகப் படித்தவருக்கு வராது.

இன்னொன்று. மார்கோவிட்ஸ் 1952இல் எழுதியதிலிருந்து முதலீட்டுப் பங்கீட்டின் அடிப்படை உடன்மாறுபாட்டு அணியும் (பங்குகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற அட்டவணை) அதன் நேர்மாறும்தான். 50 பங்குகளை எடுத்து 36 மாத வரவுகளை வைத்து அந்த அணியைக் கட்டினால் அதன் தரம் (rank, ஒன்றையொன்று சாராத வரிசைகளின் எண்ணிக்கை) 35ஐத் தாண்டாது. 50க்கு 50 அணி, தரம் 35, நேர்மாறே கிடையாது. மென்பொருள் பிழை என்று கத்தும், அல்லது அதைவிட மோசமாக, பூச்சியத்தை ஒட்டிய எண்களால் வகுத்து அபத்தமான ஒரு பங்கீட்டை நம்பிக்கையோடு நீட்டும். காரணம் நேரியல் இயற்கணிதத்தில் இருக்கிறது, நிதிப் பாடத்தில் இல்லை.

நிதியும் கணிதமும் சேர்ந்த பட்டத்தில் எனக்கு உள்ள முதல் குறை இங்கேதான் தொடங்குகிறது. மூன்றாண்டில் இரண்டு துறையையும் அடக்க வேண்டும் என்றால் ஏதாவது வெட்டுப்படும். வழக்கமாக வெட்டுப்படுவது மெய்ப் பகுப்பாய்வும் (real analysis) குலக் கோட்பாடும் (group theory). வரிசையும் கெடும். வகை நுண்கணிதம், நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், புள்ளியியல் ஊகம், வாய்ப்புச் செயல்முறைகள் (stochastic processes), அதற்குப் பிறகே டெரிவேட்டிவ்ஸ் (ஆப்ஷன் போல, வேறொன்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) என்பதுதான் இயல்பான ஏறுவரிசை. நான்காம் பருவத்தில் டெரிவேட்டிவ்ஸ், ஆறாம் பருவத்தில் வாய்ப்புச் செயல்முறைகள் என்று பாடத்திட்டம் இருந்தால், ஆப்ஷனுக்கு விலை போடும் 1973இன் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் கரும்பலகையில் ஒரு கட்டத்துக்குள் எழுதப்பட்டு மனப்பாடமாகும். அதற்கு முன் இருகிளை மர முறையை, அதாவது 1979இல் காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் மூவரும் கொடுத்த எளிய வழியை, நடத்துகிறார்களா என்று பாருங்கள். நடத்தினால் அங்கே பாடம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். நிதித் தாள்களை நடத்துவது எந்தத் துறை என்றும் கேளுங்கள். இரண்டு துறைக்கு நடுவில் தொங்கும் பட்டத்துக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போவது உண்டு.

பாடத்திட்டம் நன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், நன்றாக இருக்கும் இடங்களும் உண்டு. அப்போதும் ஒரு விஷயம் நிற்கிறது. என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான். சான்றிதழில் அச்சாகும் பட்டத்தின் பெயர்.

தமிழ்நாட்டில் அரசு வேலைக்குப் பட்டத்தின் பெயரில் ஒரு சொல் கூடினாலும் அது வேறு பட்டம். அறிவிப்பில் "கணிதத்தில் இளங்கலைப் பட்டம்" என்று இருந்து, கையில் "நிதியும் கணிதமும்" என்று இருந்தால், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல இணைத்தன்மை அரசாணை வேண்டும். பல்கலைக்கழகம் கேட்டு, குழு பாடத்திட்டத்தை ஒப்பிட்டு, உயர்கல்வித் துறை ஆணை போட வேண்டும். கணிதத்தோடு கணினிப் பயன்பாடு சேர்த்துப் படித்தவர்கள் பல ஆண்டாக நடக்கும் நடை இது. பிரச்சினை சேரும்போது தெரியாது. தேர்வெழுதும்போதும் தெரியாது. மதிப்பெண் எடுத்து, பட்டியலில் பெயர் வந்து, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் உட்காரும்போதுதான் தெரியும்.

மலையில் இது கூடுதல் கனம். கணிதப் பட்டதாரி ஊரை விட்டுப் போகாமல் பார்க்கக்கூடிய வேலை என்றால் பள்ளி, வங்கி, அரசு அலுவலகம். வங்கித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும், அதில் சிக்கல் இல்லை. பட்டதாரி ஆசிரியர் பணிக்குக் கணிதப் பட்டம், பி.எட்., தகுதித் தேர்வு மூன்றும் வேண்டும். முதுகலை ஆசிரியருக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருப்பதைப் பார்ப்பார்கள். டி.என்.பி.எஸ்.சி.யின் புள்ளியியல் சார்நிலைப் பணிகளுக்கும் எந்தப் பாடத்தில் பட்டம், புள்ளியியல் துணைப்பாடமாக இருந்ததா என்று வரி வரியாகத் தகுதி எழுதியிருக்கும். இருபத்தொரு வயதில் "நான் டீச்சர் வேலைக்குப் போகப் போவதில்லை" என்று சொல்வது சுலபம். முப்பதில் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள எல்லநள்ளிக்கோ மஞ்சூருக்கோ திரும்ப வேண்டி வந்தால், அந்தக் கதவு திறக்குமா என்பதை அந்த ஒற்றை வரிதான் சொல்லும். நிதியை எந்த வயதிலும் தேர்வெழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். பட்டத்தின் பெயரை அப்படி மாற்ற முடியாது.

ஆகவே சேர்ந்த பட்டம்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள், கட்டணம் கட்டுவதற்கு முன் கல்லூரியில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இணைத்தன்மை அரசாணையின் எண்ணும் தேதியும். "எல்லாம் ஈக்வல்தான், போன வருஷப் பசங்க எல்லாம் போயிருக்காங்க" என்பது பதில் ஆகாது.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். பெருநகரத்தில் ஒரு வங்கியின் இடர் மேலாண்மைப் பிரிவிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ நேராக நுழைவதுதான் எண்ணம், திரும்பி வரும் யோசனை துளியும் இல்லை என்பவருக்குச் சேர்ந்த பட்டம் பொருந்தும். உடன் படிப்பவர்கள் அதே திசையில் ஓடுவார்கள், இன்டர்ன்ஷிப் பஸ் தூரத்தில் இருக்கும், வேலைக்கு எடுக்க வரும் நிறுவனத்துக்குப் பட்டத்தை விளக்க வேண்டியதில்லை. மேற்படிப்பிலும் பெரிதாக அடிபடாது. எம்.எஸ்சி.க்கான ஐ.ஐ.டி.களின் நுழைவுத் தேர்வான ஜாமை எந்தப் பட்டத்தோடும் எழுதலாம். சேரும்போது எத்தனை பருவம் கணிதம் படித்திருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள், அதில் இவர்கள் தேறிவிடுவார்கள். ஜாம் கணிதத் தாளில் குலக் கோட்பாடும் மெய்ப் பகுப்பாய்வும் வரும்போதுதான் அந்த வெட்டுப்பட்ட தாள்கள் நினைவுக்கு வரும். சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் மாதிரி இடத்தில் நிதிப் பொருளியல் படிக்கப் போகிறவருக்கு இந்தக் குறை அவ்வளவாக உறைக்காது.

இப்போது மலைவழி. தானே படிப்பது என்றால் கண்டதையும் படிப்பது என்று ஆகிவிடக் கூடாது, அதுதான் இந்த வழியில் அதிகம் கவிழும் இடம். நிதிக்கு முதுகெலும்பாக ஆக்சுவரி (காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் இடரைக் கணக்கிடுபவர்) தேர்வுகளை வைத்துக்கொள்ளலாம். இந்திய ஆக்சுவரி கழகத்தின் நுழைவுத் தேர்வான ஏசெட், பிளஸ் டூ முடித்தவர் எழுதக்கூடியது. கணிதம், புள்ளியியல், தரவு விளக்கம், ஆங்கிலம், தர்க்கம் வரும். கழகத்தின் முழுத் தகுதி பெற்ற ஃபெலோ ஆக 13 தாள். பயந்துவிட வேண்டாம், பட்டம் முடிவதற்குள் இரண்டு தாள் தேறினாலே விண்ணப்பம் தனியாகத் தெரியும்.

முதலாண்டில் கணக்குப்பதிவை முடியுங்கள். தனிப் பயிற்சி தேவையில்லை, தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். இருப்புநிலைக் குறிப்பைத் தப்பில்லாமல் படிக்கும் அளவுக்கு அது போதும். முதலாண்டு விடுமுறையில் ஏசெட். இரண்டாமாண்டில் புள்ளியியல் துணைப்பாடம் நடக்கும்போதே ஆக்சுவரி தேர்வின் புள்ளியியல் தாளான சி.எஸ்.1, மூன்றாமாண்டில் வட்டிக் கோட்பாடும் ஆயுள் அட்டவணையும் வரும் சி.எம்.1. ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு ஒன்றரை மணி நேரமாக ஆறு மாதம் ஒதுக்குங்கள். ஒரே அமர்வுக்கு இரண்டையும் பதிவு செய்து இரண்டிலும் கோட்டை விடுவதுதான் வழக்கமான கதை.

அடுத்த வழுக்கல், இந்தத் தாள்களின் இரண்டாம் பகுதி. சி.எஸ்.1இல் ஆர் மொழியிலும் சி.எம்.1இல் எக்செலிலும் கணினியில் செய்து காட்ட வேண்டும். எழுத்துத் தாளில் நன்றாகச் செய்துவிட்டு இதில் நேரம் போதாமல் நிற்பார்கள். ஆர் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். மேலே சொன்ன 12,500 ரூபாய்த் தவணைக் கடனை 60 வரி அட்டவணையாக எக்செலில் போட்டு, கடைசி வரி பூச்சியத்தில் வந்து நிற்கும்வரை திருத்துங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்தால் நீங்கள் தயார். இது தவிர ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.இன் நிதிக்கணிதப் பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம், சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வுக்குப் பணம்.

ஆண்டுக் கடைசி அமர்வை எடுப்பவர்கள் தேர்வு மையம் கோவையில் விழுந்தால் முந்தைய நாளே இறங்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தால் வண்டியெல்லாம் கோத்தகிரி வழியாகத் திரும்பும். 2009 நவம்பர் மண்சரிவுகளை ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சேர்க்கை நாளில் கணிதத் துறையில் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி: துணைப்பாடம் என்ன என்பது. புள்ளியியல் என்றால் மேலே சொன்ன வரிசை அப்படியே போகும். இயற்பியல் மட்டும்தான் என்றால் வரிசையைத் திருப்பிக்கொள்ளுங்கள், இரண்டாமாண்டில் சி.எம்.1, கடைசி ஆண்டில் சி.எஸ்.1. முக்கியப் பாடத்தில் நிகழ்தகவு வந்து முடிவதற்கு முன் சி.எஸ்.1ஐத் தொட வேண்டாம். பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுத்தவர்கள் இதற்கும் முன்னால் ஒன்று கேட்க வேண்டும். தகுதியில் "கணிதம்" என்று போட்டிருப்பதில் அது சேருமா என்பதை விண்ணப்பம் போடும் முன்பே அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.